ஏலக்காய் விலையை நம்பி எழுப்பும் சுவர்கள்

போடிநாயக்கனூரில் ‘ஏலம்’ என்ற ஒரே சொல் மலையில் விளையும் காயையும் குறிக்கும். அது விற்பனையாகும் முறையையும் குறிக்கும். இவ்வூரில் ஒரு குடும்பம் வீடு கட்டுமா, வாடகைக்கே இருக்குமா என்பதை முடிவு செய்வதும் பெரும்பாலும் இந்த இரண்டு ஏலங்கள்தாம். சொந்தமாகவோ குத்தகையாகவோ தோட்டம் வைத்திருப்பவர், காய் வியாபாரம் செய்பவர், ஸ்டோரில் சம்பளத்துக்கு இருப்பவர், விடியற்காலை ஜீப் ஏறிப் போடிமெட்டுக்கு மேலே வேலைக்குப் போகும் சகோதரிகள், ஊரிலேயே அமர்ந்து காய் தரம் பிரிக்கும் சகோதரிகள் என எல்லோருடைய வருமானமும் ஒரே பொருளின் விலையில் தொங்குகிறது. ஆகவே வீடு கட்டும் கணக்கை மாதச் சம்பளக்காரர் போடுவதுபோல் நாம் போட முடியாது.

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காயின் உச்ச விலை 7000 ரூபாயைத் தொட்டது. அந்த நாள்களில் நம் வீடுகளில் நடந்த பேச்சில் பாதி வீடு கட்டுவதைப் பற்றியதாகவே இருந்தது. ஆனால் அந்த விலை ஏன் வந்தது? 2018 ஆகஸ்டில் இடுக்கியைச் சிதைத்த பெருமழை வெள்ளமும், அதைத் தொடர்ந்த வறட்சியும் செடிகளை அழித்திருந்தன. காய் இல்லாததால்தான் விலை ஏறியது. ஏழாயிரம் என்ற விலையைக் கேட்டவர்கள் பலர். அந்த விலைக்கு விற்கக் காய் வைத்திருந்தவர்கள் சிலரே. 2022இல் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியது. கம்பி, சிமெண்டு, கொத்தனார் கூலி ஆகியவை அதோடு சேர்ந்து இறங்கவில்லை.

லிண்டல் மட்டத்தோடு நின்றுபோய், கம்பிகள் துருவேறி, உள்ளே செடி முளைத்துக் கிடக்கும் வீடு எல்லா ஊர்களிலும் உண்டு. அதைக் கட்டத் தொடங்கியவர் சோம்பேறியும் அல்லர், ஊதாரியும் அல்லர். செழித்த ஆண்டின் வருமானத்தை எல்லா ஆண்டுகளின் வருமானமாக எண்ணிவிட்டார், அவ்வளவுதான்.

நாம் சொல்வது இதுதான்: வீட்டுக் கணக்கை மெலிந்த ஆண்டை வைத்தே போட வேண்டும். ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு ஸ்டோரில் மாதம் 15,000 ரூபாய். சிறிய குத்தகைத் தோட்டத்தில் செலவு போக மெலிந்த ஆண்டில் 1,20,000 ரூபாயும் செழித்த ஆண்டில் 3,00,000 ரூபாயும் நிற்கிறது. வீட்டு வாடகை, மளிகை, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 20,000. அப்படியானால் மெலிந்த ஆண்டில் மிச்சம் 60,000. செழித்த ஆண்டில் 2,40,000. ஐந்து ஆண்டுகளில் இரண்டு செழித்தவை, மூன்று மெலிந்தவை என்று வைத்தால் மொத்தச் சேமிப்பு 6,60,000 ரூபாய். சதுர அடிக்கு 2200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொகையில் 300 சதுர அடி எழும்பும். மனத்தில் இருப்பதோ 600 சதுர அடி. அதற்கு 13,20,000 வேண்டும்.

முந்நூறு சதுர அடியா என்று முகம் சுளிக்க வேண்டாம். தமிழ்நாடு அரசு ஊரகப் பகுதிகளுக்கு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின் வீடே 360 சதுர அடிதான்; அதற்கு அரசு தரும் தொகை மூன்றரை லட்சம். போடி நகராட்சிக்கு வெளியே, ஊராட்சியில் சொந்த மனையோடு குடிசையில் இருப்பவர்கள் முதலில் ஊராட்சி அலுவலகத்தில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். விசுவாசியின் மகிழ்ச்சிக்குரியவற்றில் விசாலமான வீட்டையும் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியிருக்கிறார்கள் என்பது உண்மை. செலவு செய்வதெற்கெல்லாம் நற்கூலி உண்டு, இந்த மண்ணில் கொட்டுவதைத் தவிர என்ற கருத்துப்பட கப்பாப் (ரலி) அவர்கள் சொன்னதும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். விசாலம் விரும்பத்தக்கது, அதற்காகக் குடும்பத்தை முடக்குவது விரும்பத்தக்கதன்று. செலவில் வீண்விரயமும் கஞ்சத்தனமும் இல்லாத நடுநிலையை அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் ரஹ்மானின் அடியார்களுடைய குணமாகவே எடுத்துரைக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. அதைப் பலர் பார்ப்பதில்லை. மேற்சொன்ன குடும்பம் மாதம் 5000 ரூபாய் வாடகை கொடுக்கிறது என்று கொள்வோம். ஓர் அறை, ஒரு சமையலறை, கழிப்பறை மட்டும் முடித்துக் குடிபுகுந்துவிட்டால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் மிச்சமாகிறது. மெலிந்த ஆண்டின் சேமிப்பு அப்படியே இரட்டிப்பாகிறது. முழு வீட்டுக்கும் சுவர் எழுப்பிவிட்டு எதையும் முடிக்க இயலாமல் வாடகையும் கொடுத்துக்கொண்டிருப்பதைவிட, கடைக்காலை மட்டும் எதிர்காலத்தை எண்ணிப் பலமாகப் போட்டு, பாதியை முடித்துக் குடியேறுவது நல்லது. காய் எடுப்பு ஆகஸ்டில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையும் அதற்குள்ளேயே வந்துபோகிறது. பணம் கைக்கு வந்து மழையும் விட்ட தை, மாசியில் வேலையைத் தொடங்கினால், ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டும் வேளைக்கு முன் நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த கட்டம் அடுத்த தையில்.

“வங்கிக் கடன் வாங்கினால் ஆறே மாதத்தில் முடிந்துவிடுமே” என்பார்கள். வட்டி ஹராம் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதைச் சொன்ன பிறகும், கணக்கையும் நேர்மையாகப் பார்த்துவிடுவோம். பத்து லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் இருபது ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 9000. திருப்பிக் கட்டும் மொத்தம் இருபத்தொன்றரை லட்சத்துக்கு மேல். நம் உதாரணக் குடும்பம் வாடகை மிச்சத்தையும் சேர்த்தால் மெலிந்த ஆண்டிலும் அந்தத் தவணையைக் கட்டிவிடும். ஆண்டு முடிவில் கையில் நிற்பது ஏறத்தாழ 12,000 ரூபாய். கட்ட முடியும் என்று வங்கி சொல்வது பொய்யன்று. ஒரு பிரசவமோ, ஒரு விபத்தோ, செடியில் ஓர் அழுகல் நோயோ வந்தால் அந்தப் பன்னிரண்டாயிரம் எந்த மூலைக்கு? தொழுகையில் கடனிலிருந்து அடிக்கடி பாதுகாவல் தேடிய நபி (ஸல்) அவர்கள், கடன்பட்டவன் பேசும்போது பொய் சொல்லவும் வாக்களித்து மீறவும் நேர்கிறது என்று காரணமும் கூறினார்கள். தவணை தேதியில் தொலைபேசியை அணைத்து வைப்பவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வட்டியில்லாக் கடன்தான் வழி என்று உறவினரிடம் வாங்குவோரும் ஒன்றை மறந்துவிடுகிறோம். குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. மச்சானிடம் வாங்கும் பணத்துக்கு எழுத்து எதற்கு என்ற கூச்சம் நமக்கு. எழுதாத கடன் வாங்கியவர் இறந்த அன்று வாரிசுகளுக்கிடையே பிளவாக வெளிவருகிறது. மூன்று தீனார் கடன் வைத்து இறந்தவருக்குத் தொழவைக்க நபியவர்கள் தயங்கியதும், அபூகதாதா (ரலி) அதை ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்ததும் நாம் அறிந்ததே. மனைவியின் நகையை விற்று வீடு கட்டுவதாக இருந்தால் அதற்கும் இதே எழுத்து வேண்டும். மஹராகவோ பெற்றோர் கொடுத்ததாகவோ வந்த அந்த நகை அவருடைய சொத்து. மனமுவந்து கொடுத்தாரா, கடனாகக் கொடுத்தாரா, வீட்டில் பங்காகக் கொடுத்தாரா என்பது அன்றே தெளிவாக வேண்டும். இதில் நம் ஆண்கள் காட்டும் அலட்சியம் பெரிது.

வீட்டுக்கென்று சேர்த்து வைக்கும் பணத்துக்கு ஜகாத் உண்டா என்ற கேள்வியும் எழுகிறது. நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்துவிட்டால் இரண்டரை சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதே பெரும்பாலான ஆலிம்களின் தீர்ப்பு. நாம் குடியிருப்பதற்கென்று வாங்கிப் போட்ட மனைக்கு ஜகாத் இல்லை. ஆகவே ஐந்தாண்டுச் சேமிப்புக் கணக்கில் ஜகாத்துக்கு ஒரு பத்தி தனியே இருக்க வேண்டும்; அதைக் கழித்தால் முந்நூறு சதுர அடி சற்றுக் குறையலாம். செங்கலாகவும் கம்பியாகவும் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லதுதானா என்று கேட்போருக்கு, கம்பி வெயிலிலும் மழையிலும் கிடந்தால் ஜகாத்தைவிட அதிகம் கரைந்துவிடும் என்பது மேஸ்திரிகளின் பதில்.

மலையில் இருக்கும் தோட்ட நிலத்தை நம்பி ஊரில் வீடு தொடங்குவோருக்கும் ஒரு சொல். ஏலமலைக் காடுகளில் பல நிலங்கள் ஏலம் பயிரிடுவதற்கென்றே குத்தகையாக விடப்பட்டவை. நெருக்கடியில் விற்றுவிடலாம் என்ற எண்ணத்தில் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதற்குமுன் ஆவணங்களை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட வேண்டும்.

இத்தனை கணக்குக்கும் வெளியே ஒரு செலவு நின்றுகொண்டிருக்கிறது: குடிபுகும் நாள் விருந்து. ஐந்தாண்டுகள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தவர்கள் கடைசி நாளில் ஜமாஅத் முழுவதையும் அழைத்து, தேகுசா எண்ணிக்கையைக் கௌரவமாக்கிக் கடன்படுகிறார்கள். அக்கம்பக்கத்தாரையும் ஏழைகள் சிலரையும் அழைத்துச் சாப்பாடு போட்டால் போதும். மீதிப் பணத்தில் சமையலறைக்கு ஒரு நல்ல ஜன்னல் வைக்கலாம். புகை போக வழியில்லாமல் பத்தாண்டுகள் வாடகை வீட்டில் சமைத்தவரிடம் கேட்டால் எது வேண்டும் என்று அவரே சொல்வார்.