வான்கூத்தின் மறைகணக்கு

2024 அக்தோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. இந்திய வான்படையின் 92-ஆம் ஆண்டு நிறைவையொட்டிச் சென்னை மெரீனாக் கடற்கரையின் மேல் 72 வானூர்திகள் பறந்தன. மணலில் திரண்டோர் ஏறத்தாழ 15 இலக்கம் பேர் என்றனர். காண்பதற்குக் கட்டணம் இல்லை. ஆகவே இலவயம் என்றனர். முற்பகல் பதினொரு மணி முதல் ஒரு மணி வரை, உச்சி வெயிலில் நடந்த அவ்விலவயக் காட்சிக்கு வந்தவருள் ஐவர் உயிர் நீத்தனர்.

இலவயம் என்னும் அச்சொல்லைத்தான் முதலில் உடைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஒன்பது வானூர்திகள் அம்புமுனைபோல் அணிவகுத்துப் பாய்வதை மக்கள் அண்ணாந்து காண்கின்றனர். அவற்றுக்காக நிலத்தில் நிற்கும் படையை எவரும் காண்பதில்லை. பொறிவல்லார், எரிநெய் ஊற்றுவார், தீயணைப்பார் என அக்குழு பெரிது. மாற்று உருளிகளும் உதிரி உறுப்புகளும் கருவிப் பெட்டிகளும் ஊர்தோறும் பின்தொடர வேண்டும்; அவற்றைச் சுமக்க வேறொரு பெருவானூர்தி பறக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் ‘புளூ ஏஞ்சல்சு’ குழுவுக்கு இதற்கெனவே தனியாக ஒரு சுமைவானூர்தி உண்டு. வானில் கோடிழுக்கும் அப்புகைகூடப் புகையன்று. பொறியின் கொதிவளியில் ஊற்றி ஆவியாக்கும் நெய். சில நிமையக் காட்சிக்குப் பல நாள் ஒத்திகை. பறந்த மணிக்கணக்கைக் கொண்டே வானூர்தியின் அகவை அளக்கப்படுவதால், ஒவ்வோர் ஒத்திகையும் அதனைப் பணிமனைக்கு ஒருபடி அருகே தள்ளுகிறது. இவையெல்லாம் ‘காட்சி’ என்று எழுதப்படுவதில்லை. ‘பயிற்சி’, ‘பேணுகை’, ‘எரிபொருள்’ என்னும் தலைப்புகளுக்குள் கரைந்துவிடும். கரைந்த உப்பை எவர் எடுத்து நிறுப்பர்?

இது வெற்று ஐயமன்று. 1996-இல் பீதரில் தொடங்கப்பெற்ற ‘சூரியகிரண்’ குழு (ஞாயிற்றுக்கதிர் என்றால் பறக்காதோ!) 2011-இல் ஆட்டத்தை நிறுத்த நேர்ந்தது. புதிய வானோடிகளைப் பழக்கப் பயிற்சி வானூர்திகள் போதவில்லை. காட்சிக்கு ஒதுக்கியவற்றை வகுப்புக்குத் திருப்ப வேண்டியதாயிற்று. வகுப்பறைக்குப் பலகை போதாத பள்ளி, ஆண்டுவிழா மேடைக்கு அப்பலகைகளையே அடுக்கியிருந்த கதை இது. 2015-இல் குழு ‘ஆக்’ வானூர்திகளோடு மீண்டது. அவையும் பயிற்சி வானூர்திகளே.

நெய்யும் இரும்பும் மட்டுமா செலவு? 2019 பிப்பிரவரி 19-இல் எலகங்காவில் அக்குழுவின் இரு வானூர்திகள் ஒத்திகையில் மோதி ஒரு வானோடி மாண்டார். 2025 நவம்பர் 21-இல் துபாய்க் காட்சியில் ‘தேசசு’ வீழ்ந்து மற்றொருவர் மாண்டார். பகைவன் எவனும் சுடவில்லை.

2021 மார்ச்சில் ‘சூரியகிரண்’ குழுவும், நம் சூலூரில் நிலைகொண்ட ‘சாரங்கு’ உலங்கூர்திக் குழுவும் கொழும்பு வானில் ஆடின. இலங்கை வான்படையின் 70-ஆம் ஆண்டு விழாவாம்! ஈழத்தமிழர் ஊர்களின் மேல் குண்டு பொழிந்த படையின் விழாவில் தமிழரின் வரிப்பணமும் நெய்யாய் எரிந்தது.

இளைஞரைப் படைக்கு ஈர்க்கவே இவையெல்லாம் என்பர். ஆகுக, ஆட்சேர்ப்புச் செலவென்றே எழுதி, அதனால் எத்தனை பேர் சேர்ந்தனர் என்றும் காட்டட்டும். 2013-இல் அமெரிக்காவில் செலவுக் குறைப்பு வந்தபோது அந்நாட்டின் இரு பெருங்குழுக்களும் அவ்வாண்டின் பெரும்பகுதிக் காட்சிகளைக் கைவிட்டன. அதனால் அந்நாட்டின் படைவலிமை குன்றிப் போயிற்றா?

மீண்டும் மெரீனாவுக்கு வருவோம். ஆயிரக்கணக்கான காவலர், மருத்துவர், துப்புரவுப் பணியாளர், குடிநீர் ஆகிய அனைத்தும் வான்படையின் கணக்கில் ஏறா. மாநிலத்தின், மாநகரத்தின் தலையில் விடியும். வான்படை கேட்டதற்கு மேலாகவே ஏந்துகள் செய்து தந்ததாக மாநில அரசு கூறிற்று. கேட்டது எவ்வளவு என்பதன்று வினா. வெயிலில் நிற்கப்போகும் 15 இலக்கம் பேருக்கு வேண்டியிருந்தது எவ்வளவு என்பதே வினா. வானூர்திக்கு எத்தனை குடம் நெய் என்று முன்னரே அளந்து வைத்தவர்கள், மாந்தர்க்கு எத்தனை குடம் நீர் என்று அளந்தனரா?

அக்காட்சியின் பெயராலேயே அறிவிக்கப்பெற்று எல்லார் காதிலும் விழுந்த தொகை ஒன்றுண்டு: இறந்தவர் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 5 இலக்கம் உருபா. அதனையும் மாநில அரசே கொடுத்தது.