2027 குடியரசுத் தலைவர் வேட்பாளர் யார்? பெயரைத் தேடாதீங்க, கணக்கைப் பாருங்க!



வாட்ஸ்அப் குழுக்களில் பட்டியல் சுத்த ஆரம்பிச்சாச்சு. "அடுத்த குடியரசுத் தலைவர் இவர்தான், டெல்லியில் முடிவாகிடுச்சு" என்று ஆளுக்கொரு பெயர். திரௌபதி முர்மு அவர்களின் பதவிக்காலம் 2027 ஜூலை 24-ஆம் தேதியோடு முடிகிறது. அதுவரைக்கும் இந்த ஃபார்வர்டு மழை ஓயாது.

ஒரு கேள்வி. 2017-இல் அத்வானி பெயர் அடிபட்டது, சுஷ்மா பெயர் அடிபட்டது. பீகார் ஆளுநராக இருந்த ராம்நாத் கோவிந்த் பெயரை உங்களுக்கு யாராவது ஃபார்வர்டு பண்ணினாங்களா? இல்லையே! ஜூன் 19-ஆம் தேதி அறிவிப்பு வந்த பிறகுதான் நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது.

ஏன் இப்படி நடக்குது? ஏன்னா, பெரிய கட்சிகள் "நம்மில் பெரியவர் யார்?" என்று பார்த்து இந்த வேட்பாளரைத் தேர்வு செய்வதில்லை. "எந்தப் பெயரைச் சொன்னால் எதிர் அணியில் இருப்பவர் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் தவிப்பார்?" என்றுதான் பார்க்கிறார்கள்.

வரலாற்றைப் பாருங்கள்.

🔹 2007: காங்கிரஸ் கூட்டணி மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த பிரதிபா பாட்டீலை நிறுத்தியது. பா.ஜ.க. கூட்டணியில் இருந்த சிவசேனா, மண்ணின் மகள் என்று சொல்லி அவருக்கே வாக்களித்தது.

🔹 2017: கோவிந்த் அறிவிக்கப்பட்டதும், அப்போது பீகாரில் காங்கிரஸோடு கூட்டணி ஆட்சி நடத்திக்கொண்டிருந்த நிதிஷ் குமார் அவரை ஆதரித்தார். எதிர்க்கட்சிகள் மீரா குமாரை நிறுத்தியும் பலனில்லை.

🔹 2022: சரத் பவார், ஃபரூக் அப்துல்லா, கோபாலகிருஷ்ண காந்தி மூவரும் மறுத்த பிறகு எதிர்க்கட்சிகள் யஷ்வந்த் சின்ஹாவைப் பிடித்தன. அதே ஜூன் 21-ஆம் தேதி பா.ஜ.க. முர்முவை அறிவித்தது. முதல் பழங்குடிப் பெண் வேட்பாளர். ஜார்க்கண்டில் காங்கிரஸோடு ஆட்சியில் இருந்த ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவே அவர் பக்கம் போனது.

இதற்கெல்லாம் வழி விடுவது தேர்தல் முறைதான். ரகசிய வாக்கெடுப்பு. கொறடா உத்தரவு செல்லாது. அதனால் சரியான பெயர் ஒன்று கிடைத்தால் எதிர் அணியின் கதவு தானாகத் திறக்கும்.

அடுத்து, எண்கள். 2022-இல் ஒரு எம்.பி. வாக்கின் மதிப்பு 700. ஒரு எம்.எல்.ஏ. வாக்கின் மதிப்பு உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7, நம் தமிழ்நாட்டில் 176. நமது 234 எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பு 41,184. உ.பி.யின் 403 பேருக்கு 83,824. அந்த உ.பி.க்கு 2027 தொடக்கத்தில் சட்டமன்றத் தேர்தல்! பஞ்சாப், உத்தராகண்ட், கோவா, மணிப்பூருக்கும் அப்போதுதான். அந்த முடிவுகள் வராமல் எந்தக் கட்சியும் பெயரை இறுதி செய்யாது. அதற்கு முன்னால் வரும் எல்லாப் பட்டியலும் வெறும் ஊகம்.

அப்போ கணிக்கவே முடியாதா? ஆள் யார் என்று சொல்ல முடியாது. எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லலாம். பா.ஜ.க. பக்கம் ஆளுநர் பதவியில் இருப்பவரோ இருந்தவரோ வர வாய்ப்பு அதிகம். கோவிந்த், முர்மு, துணைக் குடியரசுத் தலைவராக ஜகதீப் தன்கர், சி.பி. ராதாகிருஷ்ணன் என நால்வருமே அந்த வழியில் வந்தவர்கள்தான். எதிர்க்கட்சிகள், பழைய வழக்கப்படி போனால், அந்தப் பெயருக்குப் பதில் சொல்லும் ஒரு பெயரைத் தேடும்.

தமிழ்நாட்டுக்காரர் பெயரும் பட்டியலில் வரும். இதை இப்போதே மனசில் வாங்கிக்கோங்க. 2025 துணைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒத்திகையே நடந்துவிட்டது. அங்கே தமிழரான சி.பி.ஆர்., இங்கே தெலுங்கரான நீதிபதி சுதர்சன் ரெட்டி. ஒருவர் தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு வைத்த சோதனை, இன்னொருவர் ஆந்திர எம்.பி.க்களுக்கு வைத்த சோதனை. ஆனால் தி.மு.க. அணியும் அசையவில்லை, தெலுங்கு தேசமும் அசையவில்லை. 452-க்கு 300 என்று முடிந்தது.

"நம்ம ஊர்க்காரர் வந்தால் நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். பெருமைதான். ஆனால் அது மட்டும் போதுமா?

1991 ஜனவரி 30. ஆளுநரின் அறிக்கை இல்லாமலேயே தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டது. அந்த ஆணையில் கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன். பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்துக்காரர், நம் மண்ணின் மைந்தர்.

1997 அக்டோபர். உ.பி. அரசைக் கலைக்கச் சொல்லி மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன், "மறுபரிசீலனை செய்யுங்கள்" என்று திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அந்த முடிவையே கைவிட்டது. கேரளத்துக்காரர், காங்கிரஸ் அரசில் அமைச்சராக இருந்தவர். அன்று காப்பாற்றப்பட்டது கல்யாண் சிங்கின் பா.ஜ.க. அரசு!

அமைச்சரவை சொல்வதைக் குடியரசுத் தலைவர் கேட்டாக வேண்டும், உண்மை. ஆனால் ஒருமுறை திருப்பி அனுப்பும் உரிமையை அரசியலமைப்பின் 74-ஆவது பிரிவு தருகிறது. அதைப் பயன்படுத்தும் துணிச்சல் ஆளுக்கு ஆள் மாறும். நமது நீட் விலக்கு மசோதா ஆளுநர் மாளிகையில் தொடங்கி, கடைசியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் முடிந்ததை நாம் பார்த்தோம். மாநில மசோதாக்களுக்கு ஒப்புதல் தர குடியரசுத் தலைவருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் கருத்துச் சொல்லிவிட்டது. ஆக, அந்த நாற்காலியில் உட்காருபவர் யார் என்பது நமக்கு வெறும் வேடிக்கை விஷயம் இல்லை.

எனவே தோழர்களே, அடுத்த முறை பட்டியல் வந்தால் ஃபார்வர்டு பண்ணுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்:

✅ இந்தப் பெயர் யாருடைய வாக்கை உடைக்கக் கொண்டுவரப்படுகிறது?
✅ இவர் ஆளுநராக இருந்திருந்தால், அந்த மாநில மசோதாக்களை என்ன செய்தார்?
✅ தவறான பரிந்துரை ஒன்று மேசைக்கு வந்தால், திருப்பி அனுப்புவாரா?

இதே கேள்விகளை உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடமும் எம்.பி.யிடமும் கேளுங்கள், அவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும். எம்.எல்.ஏ. கையில் இருக்கும் அந்த 176, நீங்கள் கொடுத்தது.

#குடியரசுத்தலைவர்தேர்தல்2027
#மாநிலஉரிமை