தோலுக்குத் தரம் பார்க்கும் ஊரில் தெருவுக்குத் தரம் பார்ப்பது யார்?

2022 ஜூன் மாதம் வேலூர் நாடு முழுக்கப் பேசப்பட்டது. கோட்டைக்காக இல்லை, சி.எம்.சி.க்காகவும் இல்லை. மெயின் பஜார் காளிகாம்பாள் கோவில் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக காங்கிரீட் ரோடு போட்டவர்கள், ஓரமாக நின்ற ஒரு பைக்கை நகர்த்தி வைக்கக்கூட சோம்பல்பட்டு, சக்கரத்தோடு சேர்த்தே காங்கிரீட்டைக் கொட்டிவிட்டார்கள். படம் ஊர் ஊராகச் சுற்றியது. அதே வருடம் சத்துவாச்சாரி பக்கம் ஒரு கைப்பம்பும் இப்படித்தான் பாதி காங்கிரீட்டுக்குள் போனது. எல்லோரும் சிரித்தார்கள், கான்ட்ராக்டரைத் திட்டினார்கள், அடுத்த வாரம் மறந்தும் போனார்கள்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. வேலூர் மாநகராட்சியில் 60 வார்டு. எத்தனையோ தெரு. அதில் இந்த வருடம் இந்தத் தெருவுக்குத்தான் ரோடு என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? கவுன்சிலரின் குரல் வளமா? போன தேர்தல் வாக்குறுதியா? பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய வரிசையா? எந்தத் தெரு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளந்து, எண் போட்டு, வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்று பொதுமக்கள் கையில் இருந்தால் இந்தக் கேள்விக்கே வேலை இல்லை.

அளப்பது இந்த ஊர்களுக்குப் புதிதா என்ன? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று எங்கே போனாலும், ஒரு தோலைக்கூட ரகம் பிரிக்காமல் யாரும் விலை பேச மாட்டார்கள். மேலே கீறல் இருக்கிறதா, உண்ணி கடித்த தழும்பு இருக்கிறதா, எத்தனை சதுர அடி தேறும் என்று ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்துத்தான் அடுக்குவார்கள். ஷூ கம்பெனிக்கு ஆர்டர் தருகிற வெளிநாட்டுக்காரர், கம்பெனி முதலாளி சொல்வதை மட்டும் நம்பி வாங்குவதில்லை. மூன்றாம் ஆள் ஒருவரை வைத்துச் சோதித்துத்தான் வாங்குகிறார். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நடக்கிற தெருவுக்கு மட்டும் ரகமும் கிடையாது, மூன்றாம் ஆளும் கிடையாது!

சரி, விஷயத்துக்கு வரலாம். வேலூர் மாநகராட்சியும் ஆம்பூர் நகராட்சியும் ஒரு பொறியியல் நிறுவனத்தை அமர்த்தி, தங்கள் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு தெருவின் நிலையையும் மதிப்பிட வேண்டும். அதை ஊரறிய வெளியிட வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்.

இது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை 1970-களில் ஒரு முறையை உருவாக்கியது. பேவ்மென்ட் கண்டிஷன் இண்டெக்ஸ் என்று பெயர். இப்போது ஏ.எஸ்.டி.எம். டி 6433 என்ற எண்ணில் அது ஒரு தர நிர்ணயம். தெருவைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு துண்டிலும் விரிசல், பள்ளம், சக்கரத் தடம், உதிர்ந்த ஜல்லி, ஒட்டுப் போட்ட இடம் எல்லாவற்றையும் வகை பார்த்து, தீவிரம் பார்த்து, பரப்பளவும் பார்த்துக் குறிப்பார்கள். 100 மார்க்கில் தொடங்கி ஒவ்வொரு குறைக்கும் மார்க் கழிப்பார்கள். 85-க்கு மேல் என்றால் நல்ல ரோடு. 55-க்குக் கீழே போனால் மோசம். 10-க்குக் கீழே என்றால் பெயில். பரீட்சை பேப்பர் திருத்துகிற மாதிரிதான்! இந்திய சாலைக் காங்கிரஸும் தார் ரோடு பராமரிப்புக்கு ஐ.ஆர்.சி. 82 என்று ஒரு நெறிமுறை வைத்திருக்கிறது. 2015-இல் திருத்திய பதிப்பில் நகரத் தெருக்களுக்கு மதிப்பெண் போடவும் வழி உண்டு. பெரிய ரோட்டுக்கு கேமராவும் லேசரும் பொருத்திய வண்டி, வண்டி நுழையாத சந்துக்கு நடந்து போய் அளக்கிற ஆள். அவ்வளவே.

"ரோடு மோசம் என்று பார்த்தாலே தெரியுமே, இதற்கு எதற்கு இன்ஜினியர் கம்பெனி?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பார்த்தாலே தெரிகிற நிலைக்கு ஒரு ரோடு வந்துவிட்டால் ஏற்கெனவே காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். பொறியாளர்கள் முதலைத் தோல் விரிசல் என்று ஒன்றைச் சொல்வார்கள். மேலே சின்னச் சின்னக் கட்டமாக வெடித்திருக்கும். வண்டி ஓடும், யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள். ஆனால் பாரம் தாங்க முடியாமல் ரோடு களைத்துப்போனதன் அடையாளம் அது. ஒரு மழையில் தண்ணீர் உள்ளே இறங்கினால் அடுத்த மழைக்குள் பள்ளம் நிச்சயம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். (இது கற்பனைக் கணக்கு, எந்த ஊரின் பட்ஜெட்டும் இல்லை.) பத்துத் தெரு இருக்கிறது. மூன்று நாசம், நான்கு சுமார், மூன்று நன்று. நாசமானதைப் புதிதாகப் போட தெருவுக்கு 10 லட்சம். சுமாரானதற்கு விரிசலை அடைத்து மேலே ஒரு பூச்சு பூச 2 லட்சம். கையில் இருப்பதோ 20 லட்சம்.

வழக்கமான வழி என்ன? அதிகமாகக் கத்துகிற இரண்டு நாசத் தெருவுக்குப் புது ரோடு. 20 லட்சம் காலி. சில வருடத்தில் கவனிக்காமல் விட்ட நான்கு சுமார் தெருவும் நாசப் பட்டியலில் சேரும். முன்பு மூன்று, இப்போது ஐந்து. 50 லட்சம் வேண்டும்!

இன்னொரு வழி. நான்கு சுமார் தெருவுக்கும் பூச்சு, 8 லட்சம். ஒரு நாசத் தெருவுக்குப் புது ரோடு, 10 லட்சம். மீதி 2 லட்சத்தில் மற்ற இரண்டு நாசத் தெருவின் பள்ளங்களை அடைக்கலாம். சில வருடம் கழித்து நாசத் தெரு இரண்டுதான். பூச்சை மறுபடி பூச வேண்டி வரும், உண்மைதான். ஆனாலும் பணம் எங்கே மிச்சமாகிறது என்று புரிகிறதா? இந்த இரண்டாவது வழியில் போக வேண்டுமென்றால் சுமாரான தெரு எது என்று தெரிந்திருக்க வேண்டும். கத்தாத தெருவைக் கண்டுபிடிக்கத்தான் அளவீடு.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு சுவாரஸ்யம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் புரட்டினால் ரோட்டுக்கும் ஆயுள் எழுதியிருக்கும். காங்கிரீட் ரோடு 10 வருடம், மற்ற தளம் போட்ட ரோடு 5 வருடம், தளமில்லாத ரோடு 3 வருடம். உள்ளாட்சிக் கணக்கிலும் வருடா வருடம் தேய்மானம் எழுதுகிறார்கள். நகராட்சிகளில் அக்ரூவல் முறைக் கணக்கை முதலில் கொண்டுவந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆனால் பேரேட்டில் ஒரே சீராகத் தேய்கிற ரோடு, தெருவில் அப்படியா தேய்கிறது? லாரி போகிற தெரு ஒரு மாதிரி, சைக்கிள் போகிற தெரு வேறு மாதிரி.

அமெரிக்காவின் அரசுக் கணக்கியல் தர வாரியம் 1999-இல் வெளியிட்ட 34-ஆவது அறிக்கையில் இதற்கு ஒரு வழி சொன்னது. ஒரு நகரம் தன் ரோடுகளின் நிலையைக் குறைந்தது மூன்று வருடத்துக்கு ஒருமுறை மதிப்பிட்டு, தானே நிர்ணயித்த தரத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறது என்று காட்டினால், தேய்மானம் எழுதத் தேவையில்லை. பராமரிப்புச் செலவைக் காட்டினால் போதும். ரோட்டை அளப்பது இன்ஜினியர் வேலை மட்டும் இல்லை, கணக்கப்பிள்ளை வேலையும்தான்.

லாரி என்றதும் ஒரு விஷயம். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெரிய சாலைச் சோதனை நடத்தினார்கள். லாரிகளை ஓயாமல் ஓட்டிக் கண்டுபிடித்தது இது: அச்சின் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு! 2018-இல் மத்திய அரசு நான்கு டயர் ஒற்றை அச்சுக்கான வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. எடை கூடியது எட்டில் ஒரு பங்கு. நாலாம் அடுக்கில் போட்டால் அந்த அச்சு செய்கிற சேதம் சுமார் 1.6 மடங்கு. பச்சைத் தோலும் உப்பும் கெமிக்கலும் உள்ளே வந்து, ஷூ பெட்டிகள் வெளியே போகிற ஊருக்கு இது வெறும் பாடப்புத்தகக் கணக்கு இல்லை. எந்தத் தெருவில் பாரம் போகிறது என்று அளக்காமல், எல்லாத் தெருவுக்கும் ஒரே கனத்தில் தார் ஊற்றினால் ஒரு தெருவில் பணம் வீண், இன்னொரு தெருவில் ரோடு வீண்.

2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவிட்டார். ரோடு உயர்ந்துகொண்டே போய் வீடுகள் பள்ளத்தில் இறங்குவதை நிறுத்தத்தான் அந்த உத்தரவு. நல்ல உத்தரவு. ஆனால் எவ்வளவு சுரண்ட வேண்டும் என்பதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று அளந்து பார்த்தாக வேண்டுமே?

இனி முக்கியமான எதிர்ப்பு. "கம்பெனியை அமர்த்தினால் அவனும் ஒரு கமிஷன் கோஷ்டிதானே?" இதைத் தள்ளிவிட முடியாது. மும்பையில் 2016-இல் ரோடு ஊழல் வெடித்தபோது கான்ட்ராக்டர்கள் மட்டும் சிக்கவில்லை. வேலையின் தரத்தைச் சரிபார்க்க அமர்த்திய மூன்றாம் தரப்புத் தணிக்கை நிறுவனங்களின் ஊழியர்களும் கைதானார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை. ஆகவே அமர்த்தினால் மட்டும் போதாது, எப்படி அமர்த்துகிறோம் என்பதுதான் விஷயம்.

முதலாவது, குறைந்த விலை கேட்டவனுக்கே வேலை என்று போகக் கூடாது. அமெரிக்க மத்திய அரசு பொறியியல் சேவைக்கு 1972-லிருந்தே புரூக்ஸ் சட்டப்படி முதலில் தகுதியைப் பார்க்கிறது, அப்புறம்தான் கட்டணம் பேசுகிறது. தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. அதற்கு உட்பட்டே, தகுதியை வடிகட்டி, பிறகு விலை உறையைப் பிரிக்க முடியும்.

இரண்டாவது, மதிப்பிடுகிற நிறுவனத்துக்கு அதே ஊரில் ரோடு போடுகிற வேலையிலோ மேற்பார்வை வேலையிலோ பங்கு இருக்கக் கூடாது. மார்க் போடுகிறவரே டியூஷன் எடுத்தால் என்ன ஆகும் என்று மாணவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

மூன்றாவது, நூற்றுக்கு ஐந்து தெருவையாவது வேறொருவர் மறுபடி அளக்க வேண்டும். பாகாயத்தில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, காட்பாடியில் வி.ஐ.டி. இருக்கிறது. சிவில் மாணவர்களுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் கிடைக்குமா? இரண்டு மதிப்பெண்ணும் எக்கச்சக்கமாக வேறுபட்டால் கம்பெனிக்குப் பணம் நிறுத்தம்.

நான்காவது, பட்டியல் அலமாரியில் தூங்கக் கூடாது. தெருப் பெயர், மார்க், கடைசியாக ரோடு போட்ட வருடம், போட்ட கான்ட்ராக்டர். நான்கே பத்திகள், தமிழில், வார்டு அலுவலகச் சுவரில். போன வருடம் போட்ட ரோடு இந்த வருடம் 50 மார்க் என்றால் ஊரே கேள்வி கேட்கும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை இல்லை. மேலே போட்ட கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால், சுமாரான தெருக்களுக்கே முதல் பணம் போகும். நாசமான தெருக்கள் யாருடையவை? பெரும்பாலும் தினக்கூலிகள் குடியிருக்கும் இடங்கள். காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க டிபன் பாக்ஸோடு ஓடுகிற ஷூ கம்பெனிப் பெண்கள் வாழ்கிற சந்துகள். "உங்கள் தெரு 8 மார்க், அதனால் காத்திருங்கள்" என்று அவர்களிடம் சொல்ல இண்டெக்ஸுக்கு எந்த உரிமையும் இல்லை. அதனால் பணத்தை முதலிலேயே இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதி ரோட்டைக் காப்பாற்ற, இன்னொரு பகுதி பெயிலான தெருக்களைக் கரையேற்ற. எந்தப் பங்கு எவ்வளவு என்று முடிவு செய்வது கவுன்சிலர்களின் வேலை. அதற்குத்தான் ஓட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இன்ஜினியர் எண் சொல்லட்டும், கவுன்சில் நியாயம் சொல்லட்டும். இன்று நிலைமை என்னவென்றால், எண் இல்லாததால் நியாயம் பேசவும் யாரிடமும் ஆதாரம் இல்லை. எட்டு மார்க் என்று எழுதிய காகிதம் இருந்தால், அந்தச் சந்துப் பெண் கவுன்சிலர் முன்னால் கெஞ்ச வேண்டாம். காகிதத்தை நீட்டினால் போதும்.

அளவீடு சாமானியனுக்கு என்ன பலம் தரும் என்று இந்தப் பகுதிக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பாலாறு கெட்டுப்போனதை ஊரே பல வருடம் புலம்பியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நாக்பூரின் நீரி நிறுவன நிபுணர்கள் வந்து பார்த்து அறிக்கை கொடுத்தார்கள். 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த தீர்ப்பில், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. புலம்பலாக இருந்தது ஆதாரமாக மாறிய பிறகுதான் அது நடந்தது. ஆறு இன்னும் முழுசாகத் தேறவில்லை, 2025 ஜனவரியில் மறுபடியும் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது என்பதும் உண்மைதான். எண் மட்டுமே எதையும் சரிசெய்துவிடாது. ஆனால் எண் இல்லாமல் வழக்கே தொடங்கியிருக்காது.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர் "உங்கள் தெருவுக்கு ரோடு போட்டுத் தருகிறேன்" என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "எங்க தெரு எத்தனை மார்க்குங்க?"