குணமடைதல் குற்றமா?

மருத்துவத்தின் கூறுகள் நான்கு என்று வகுத்தார் வள்ளுவர். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் என்னும் இந்நான்கும் ஒருங்கே அமைந்தால் மருத்துவம் நிறைவுறும். ஆனால் இக்காலத்துப் படைகளின் மருத்துவமனைகளிலே ஐந்தாமவர் ஒருவரும் கட்டிலருகே வந்து நிற்கிறார். அவர் கையில் மருந்தில்லை, அளவுகோல் இருக்கிறது. “இவன் உடலில் எத்தனை வீதம் பழுதுபட்டது?” என்று கேட்பதே அவர் தொழில். அவர் வருவதே தவறு என்று நான் கூறவரவில்லை. அவர் வந்தபின் மருத்துவத்துக்கு என்ன நேர்கிறது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

எடுத்துக்காட்டாக அமெரிக்க நாட்டின் முறையை நோக்குவோம். அங்கே படைச்சேவையில் உள்ள ஒருவர் காயத்தாலோ நோயாலோ தம் கடமையைத் தொடர முடியாதவராகத் தோன்றினால், வைத்தியர்கள் அவரை ஊன மதிப்பீட்டுக்கு அனுப்புகின்றனர். குணம் எவ்வளவுக்கு வரும் என்பது ஒருவாறு தெளிவாகும் வேளையில், அல்லது நோய் இன்னதென்று கண்ட ஓராண்டுக்குள், இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது அனுப்பவேண்டும் என்பது விதி. முதலில் மருத்துவ சபையொன்று அவருடைய நோய்களை ஆராய்ந்து எழுதும். அடுத்து உடற்றகுதிச் சபையொன்று, இவர் சேவைக்குத் தகுதியுடையவரா, அல்லரா என்று தீர்ப்பளிக்கும். தகுதியற்றவர் எனின் அவர் ஊனத்துக்கு ஒரு வீதம் குறிக்கப்படும். இத்தனையும் முடியும்வரை அவர் படைவீரரே. சம்பளமும் உண்டு, சிகிச்சையும் உண்டு.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. 20 ஆண்டுச் சேவையை நிறைவு செய்யாத ஒருவருக்கு நூற்றுக்கு 30 என்பது ஓர் எல்லைக்கோடு. நிலைத்த ஊனம் என்று கண்டு 30 அல்லது அதற்கு மேல் குறித்தால், மாதந்தோறும் உபகாரச் சம்பளம். குடும்பத்தாருக்கும் இராணுவத்தின் வைத்தியக் காப்பு. 20 என்று குறித்தாலோ, ஒரே முறை ஒரு தொகை. அத்துடன் படை தன் கடனைத் தீர்த்துக்கொள்கிறது. முன்னாட் படைவீரர் திணைக்களம் அவருக்குத் தனியே உதவலாம். ஆயினும் மனைவி மக்கள் பெற்றுவந்த இராணுவ வைத்தியக் காப்பு அவர்களுக்கு நிலைப்பதில்லை.

இந்நிலையில் ஓர் இளைஞனைக் கற்பனை செய்து பாருங்கள். வெடிவிபத்தொன்றில் அவன் தோள் சிதைந்தது. இரவிலே உறக்கமும் போயிற்று. பயிற்சியளிப்பவர் “கையை இன்னும் சற்று உயர்த்து” என்கிறார். உயர்த்தினால் அவர் மகிழ்வார். ஆனால் அளவுகோல் பிடித்தவரின் ஏட்டில் வீதம் குறையும். மனநோய் வைத்தியர் “இந்த வாரம் எப்படி?” என்று கேட்கிறார். “சற்று நலம்” என்று உண்மையைச் சொன்னால் அச்சொல்லும் ஏட்டில் ஏறும். “நலமில்லை” என்றே சொல்லிவந்தால் நாளடைவில் அதை அவனே நம்பத் தொடங்கிவிடுவான். சிகிச்சைக்குப் போகாதிருந்தாலோ, “நோய் உண்மையாயின் ஏன் வரவில்லை?” என்ற ஐயம் எழும். குணமடையும் ஒவ்வொரு படியும் தன் குழந்தையின் சோற்றிலே கைவைக்கிறது என்று அஞ்சும் ஒருவனுக்கு எந்த மருந்து பலிக்கும்?

இது வெறுங் கற்பனையன்று. 2007 பெப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை, தலைநகரின் வோல்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையைப்பற்றி வெளியிட்ட செய்திகள் அமெரிக்காவை உலுக்கின. 18ஆம் இலக்கக் கட்டிடத்தின் பூஞ்சணம் பிடித்த சுவர்களையும் எலிகளையும் எல்லோரும் பேசினர். அதனினும் கொடியது அங்கே தங்கியிருந்தோரின் காத்திருப்பு. காயமுற்ற ஒருவர் அந்த முறைக்குள் புகுந்து வெளியேற 22 பத்திரங்களை 8 வெவ்வேறு அலுவலகங்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. மூளையில் அடிபட்டு நினைவு தடுமாறியவர்களும் இதற்கு விலக்கல்லர். அடுத்த மாதமே தரைப்படைச் செயலர் பதவி துறந்தார்.

சீர்திருத்தம் வந்தது. பொப் டோலும் டொனா ஷலாலாவும் தலைமைதாங்கிய ஆணைக்குழு அவ்வாண்டு யூலையில், ஊன மதிப்பீட்டு முறையை அடியோடு மாற்றவேண்டுமென்று அறிக்கை அளித்தது. 1945 ஏப்ரிலில் இத்தாலியப் போர்க்களத்தில் வலக்கையின் வலுவை இழந்து, ஏறக்குறைய மூன்றாண்டுகள் மருத்துவமனைகளிலே கழித்தவர் டோல். ஒரு மனிதன் தேறுவதற்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பதை அவர் ஏட்டிலே படித்து அறியவேண்டியதில்லை. 2007 நவம்பரில் புதிய முறை பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2011 அளவில் எங்கும் பரவிற்று. இராணுவத்துக்கு ஒன்று, திணைக்களத்துக்கு ஒன்று என இருமுறை செய்த பரிசோதனை ஒன்றாயிற்று. முழு அலுவலுக்கும் 295 நாள் இலக்கு வைத்தனர். பின்னர் அதை 180 நாளாகக் குறைத்தனர்.

தாமதம் குறைவது நன்றே. ஆனால் நாட்களைக் குறைத்ததால் முடிச்சு அவிழ்ந்ததா? வாஷிங்டன் மாநிலத்து மடிகன் இராணுவ மருத்துவ நிலையத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். யுத்த அதிர்ச்சியால் மனம் நைந்தவர்கள் என்று முன்னர் வைத்தியர்கள் கண்ட வீரர்களை, மதிப்பீட்டுக் கட்டத்தில் வேறொரு குழு ஆராய்ந்தது. இருநூற்றுக்கும் மேற்பட்டோரின் நோய்ப்பெயர் மாற்றப்பட்டது. அந்நோயுடன் ஓய்வுபெறும் ஒருவருக்கு வாழ்நாளில் 15 இலட்சம் டொலர் செலவாகலாம் என்று அங்கே வைத்தியர்களுக்கு நினைவூட்டப்பட்ட செய்தியும் 2012இல் வெளிவந்தது. மறுபரிசோதனையின்பின் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குப் பழைய நோய்ப்பெயர் திரும்பக் கிடைத்தது. பெயர் திரும்பி வந்தது. “நீ சொன்னதை நாங்கள் நம்பவில்லை” என்று கேட்ட செவியின் புண் ஆறிற்றா?

மறுபக்கத்தாரின் வாதத்தையும் நாம் தள்ளிவிடக்கூடாது. பொதுப்பணம் வழங்குமிடத்தில் அளவுகோல் வேண்டும். நோயில்லாதவன் நோய் நடித்தால் உண்மை நோயாளியின் பங்கும் கெடும். யார் களத்துக்குத் தகுந்தவர் என்பதைப் படை அறியாதிருக்கவும் முடியாது. இவை அத்தனையும் உண்மை. அதனால் மதிப்பீடு வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. சிகிச்சையின் மடியிலே அதை உட்கார வைக்கவேண்டாம் என்கிறேன்.

ஆசிரியர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாணவன் தனக்குத் தெரியாததை ஆசிரியரிடம் கூசாமல் சொல்வான், பரீட்சகரிடம் மறைப்பான். ஒருவரே வருடம் முழுவதும் இரண்டு வேடமும் தரித்தால் அவன் எப்போதும் மறைத்துக்கொண்டே இருப்பான், கல்வி நடைபெறாது. நோயாளியும் அத்தகையவனே. தான் நம்பிச் சொன்ன சொல் நாளை தனக்கெதிரான சாட்சியாகும் என்றறிந்தால் அவன் வாய் திறவான். வாய் திறவாத நோயாளிக்கு மருந்தெழுதும் வைத்தியர் இருட்டில் அம்பெய்கிறார்.

வழி உண்டா? அந்நாட்டுச் சட்டத்திலேயே அதற்கு வித்து இருக்கிறது. ஊனம் இன்னும் நிலைபெறவில்லை என்று கண்டால், ஒருவரைத் தற்காலிக ஓய்வுப் பட்டியலிலே சேர்த்து, உபகாரச் சம்பளமும் வைத்தியமும் அளித்து, பின்னர் மீளவும் பரிசோதிக்கலாம். யுத்த அதிர்ச்சியால் வந்த மனநோய்க்காகச் சேவையிலிருந்து விலக்கப்படுபவருக்கு முதலில் நூற்றுக்கு 50க்குக் குறையாமல் குறித்து, ஆறு மாதத்துக்குள் மறுபடி பார்க்கவேண்டும் என்ற விதியும் உண்டு. இவற்றின் உட்கருத்து யாது? முதலில் அச்சத்தை நீக்கு. பிறகு அளந்து பார் என்பதே. எனினும் தற்காலிகப் பட்டியலில் ஐந்தாண்டுவரை இருக்கலாம் என்றிருந்த எல்லை, 2017 முதல் புதிதாகச் சேர்வோருக்கு மூன்றாண்டாகச் சுருங்கிவிட்டது. இந்த நல்ல விதியை விரிக்கவேண்டியவர்கள் குறுக்கினர்.

குறித்த காலம்வரை, ஒருவன் தேறினான் என்பதற்காக அவன் பெறுவது குறையலாகாது. சிகிச்சையளிப்பவர் வேறு, மதிப்பிடுபவர் வேறு என்பது வெறும் பெயரளவில் நில்லாமல், நோயாளி வைத்தியரிடம் மனந்திறந்து சொன்னவற்றையும் காக்கவேண்டும். நாள் இலக்கு அலுவலகத்தை விரைவுபடுத்தட்டும். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை அது அறுக்கலாகாது. இம்மூன்றையும் செய்தால் மோசடி பெருகும் என்று அஞ்சுவோர், இன்றைய முறை நேர்மையானவனையும் தன் நலத்தை மறைக்கப் பழக்குகிறது என்பதைச் சிந்திக்கவேண்டும்.

ஒரு நாடு தன் இளைஞனைப் போருக்கு அனுப்பும்போது அவன் உடலை வீதங் கணக்கிட்டு வாங்குவதில்லை, முழுவதையும் வாங்குகிறது. திரும்பி வந்தவனை அளக்க அதற்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்கு முன்னே ஒரு கடன் நிற்கிறது. வள்ளுவர் வகுத்த நான்கும் தத்தம் வேலையை அச்சமின்றிச் செய்து முடிக்கட்டும். ஐந்தாமவர் அதுவரை வாயிலிலே காத்திருக்கட்டும்.