மண்ணைக் காக்கும் திட்டத்தில் சம்சாரிக்கு நாற்காலி எங்கே?

   

டெல்லியில் நம் நிலத்துக்காக ஒரு திட்டம் இருக்கிறது. பாலைவனமாதலையும் நிலம் சீரழிவதையும் தடுக்கும் தேசியத் திட்டம் என்று அதற்குப் பேர். சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "பாலைவனம் ராஜஸ்தான் சமாச்சாரமில்லையா? கயத்தாறுக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த நோட்டீஸ்.

1994 ஜூன் 17ம் தேதி பாரிஸ் நகரத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் ஒப்பந்தம் ஒன்று ஏற்கப்பட்டது. இந்தியாவும் கையெழுத்துப் போட்டு 1996ல் உறுதி செய்தது. அந்த ஒப்பந்தம் பாலைவனம் என்று மணல்மேட்டை மட்டும் சொல்லவில்லை. மழை குறைந்த வறண்ட சீமையில் விளைகிற நிலம் சத்துக் கெட்டு, விளைச்சல் அற்றுப் போவதையே பாலைவனமாதல் என்கிறது. அப்படியானால் அது நம்ம கதைதானே!

நம் கரிசல் மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியாததல்ல. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். முதல் மழைத் தண்ணீரை வெடிப்பு வழியாகக் குடிக்கும். ஈரம் பட்டு மண் உப்பியதும் வெடிப்பு மூடிக்கொள்ளும். அதுக்கு மேலே பெய்கிற மழை உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். வருஷத்துக்கு சுமார் 700 மில்லி மீட்டர் மழை. அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய கொஞ்ச நாளில் கொட்டித் தீர்த்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டி மீட்டருக்கு மேல் மழை. வீடும் ரோடும் போனதைப் பேப்பரில் போட்டார்கள். பிஞ்சைக் காட்டிலிருந்து போன மேல்மண்ணுக்கு யார் கணக்கு எடுத்தார்கள்? பயிர் போனால் அடுத்த புரட்டாசியில் விதைக்கலாம். மண் போனால்? ஓர் அங்குல மேல்மண் உண்டாகப் பல நூறு வருஷம் ஆகும். மேட்டுக் காட்டில் கலப்பை போட்டால் சுக்கான் புரண்டு வருகிறதே, அதுதான் நமக்கு வந்திருக்கும் பாலைவனம்!

இனி அரசாங்கத்தின் கணக்கைப் பார்ப்போம். இஸ்ரோ விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் படத்தை வைத்து நாடு பூராவும் அளந்திருக்கிறார்கள். 2003-05ல் கெட்டுப் போயிருந்த நிலம் 9 கோடியே 45 லட்சம் ஹெக்டேர். 2018-19ல் அது 9 கோடியே 78 லட்சம் ஹெக்டேர். நாட்டின் பரப்பில் 29.77 சதவீதம்; நூற்றுக்கு முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் கெடுவதற்கான காரணங்களில் முதல் இடத்தில் நிற்பது தண்ணீர் அரிப்பு. காற்றடித்து மணல் மூடுவது அதற்குப் பிறகுதான்.

திட்டம் இல்லாமலா இப்படி ஆனது? வறட்சிப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் 1973-74லேயே வந்தது. பாலைவன மேம்பாட்டுத் திட்டம் 1977-78ல் வந்தது. 1995ல் வாட்டர்ஷெட்டுக்குப் புது விதிமுறை. 2001ல் தேசியச் செயல்திட்டம். 2009ல் பழைய திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து வேறு பேர். 2015ல் அதையும் பிரதமர் பாசனத் திட்டத்துக்குள் சேர்த்தார்கள். பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருக்கிறது. பிஞ்சையில் வரப்பு மட்டும் கரைந்துகொண்டே இருக்கிறது!

2019 செப்டம்பரில் டெல்லி பக்கத்தில் நடந்த உலக மாநாட்டில், 2030க்குள் 2 கோடியே 60 லட்சம் ஹெக்டேர் நிலத்தை மீட்டெடுப்போம் என்று பிரதமர் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் 2023ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டுவந்த செயல்திட்டத்தின் தலைப்பே 'காடு வளர்ப்பு வழியாக' என்றுதான் இருக்கிறது. மரம் வைப்பதை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கரிசல் காடு என்றால் நமக்கு உழுகிற பூமி. இங்கே காப்பாற்ற வேண்டியது மானாவாரி மண். செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிந்தால் நிலம் திருந்திவிட்டது என்று எழுதிவிடலாம். தரிசு பூராவும் மண்டிக்கிடக்கிற சீமைக் கருவேலமும் பச்சையாகத்தானே தெரியும்!

இதற்கு மருந்து என்ன என்று தெரியாமல் இல்லை. நமக்குப் பக்கத்திலேயே கோவில்பட்டியில் 1901லிருந்து வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே உழவு, ஆழச்சால் அகலப்பாத்தி, பருவமழைக்கு முன்னாலேயே விதைப்பு என்று எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். நம் பாட்டனார்கள் கம்போடும் சோளத்தோடும் பயறு கலந்து விதைத்தார்கள், கிடை போட்டார்கள், கண்மாய்க் கரம்பையை வண்டியில் அடித்தார்கள். இன்றைக்கு வருஷா வருஷம் மக்காச்சோளம். வேம்பூர் ஆட்டுக்கிடை வருவது அருகிப் போச்சு. படித்தவர் சொன்னதும் பாட்டன் செய்ததும் ஒன்றாகத்தான் இருக்கிறது. இதைச் செய்யச் சம்சாரிக்குக் கையில் காசு இல்லை, கேட்க அதிகாரம் இல்லை. குறை அங்கேதான்.

ஒரே ஒரு உதாரணம். 2024 ஜூலை முதல் கண்மாய் வண்டலை எடுக்கத் தாசில்தாரே அனுமதி தரலாம் என்று மாநில அரசு எளிதாக்கியது. புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர், கட்டணம் கிடையாது. நல்ல உத்தரவு. ஆனால் ஒரு நடைக்கு 3 கன மீட்டர் என்று வைத்தாலும் ஏக்கருக்கு 30 நடை அடிக்க வேண்டும். மண் இலவசம் சரி, ஜே.சி.பி.க்கும் டிராக்டருக்கும் வாடகை யார் கொடுப்பது? ரெண்டு ஏக்கர் மானாவாரிக்காரனால் முடியுமா? கடைசியில் வசதி உள்ளவன் காட்டுக்குத்தான் வண்டல் போகும்.

"எதுக்கு அண்ணாச்சி இந்தப் பாடு? காற்றாலைக்கோ சோலாருக்கோ வித்துட்டுப் போக வேண்டியதுதானே" என்று இளவட்டப் பிள்ளைகள் கேட்கிறார்கள். விற்பதும் வைத்திருப்பதும் அவரவர் உரிமை. ஆனால் மண் செத்த பூமியைக் கேட்கிற விலைக்குத்தான் கொடுக்க முடியும், சொல்கிற விலைக்கு விற்க முடியாது. மேலும் ஒருவர் விற்றால் அது அவரோடு நிற்பதில்லை. என் பிஞ்சைக்கு மேற்கே கனரக வண்டி போவதற்காக ஓடையை மறித்து ரோடு போட்டார்கள், குழாய் பதிக்கவில்லை. தண்ணீர் திசை மாறி நாலு பேர் வரப்பை உடைத்துக்கொண்டு போனது. ஒருத்தர் விற்ற நிலத்தால் நாலு பேர் மண் போச்சு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஐ.நா. ஒப்பந்தத்தின் 10வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? தேசியச் செயல்திட்டத்தை வகுப்பதிலும், முடிவெடுப்பதிலும், நடத்துவதிலும், பிறகு சரிபார்ப்பதிலும் உள்ளூர் மக்கள், ஆண் பெண் இருபாலரும், குறிப்பாக விவசாயிகளும் கால்நடை மேய்ப்பவர்களும், அவர்களுடைய சங்கங்களும் பங்கெடுக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. இந்தியா ஒப்புக்கொண்ட வாசகம் இது. ஆக நாம் ஒன்றும் பிச்சை கேட்கவில்லை. நமக்கென்று போட்ட நாற்காலியைக் கேட்கிறோம்!

நம்முடைய கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு ஊராட்சிக்கும் மண் காப்புத் திட்டம் கிராம சபையில் வைத்து எழுதப்பட வேண்டும். எந்த ஓடையில் தடுப்பணை, எந்த மேட்டில் சமமட்ட வரப்பு, எங்கே கசிவுநீர்க் குட்டை என்பதை அந்தக் காட்டில் உழுகிறவனைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். குத்தகைக்காரரையும் கிடைக்காரரையும் சேர்க்க வேண்டும்.

2. ஐந்து ஏக்கருக்குக் கீழே உள்ள மானாவாரிச் சம்சாரிக்கு வண்டல் அடிக்கும் கூலியை அரசே ஏற்க வேண்டும். கிடை போடவும் மானியம் வேண்டும்.

3. கண்மாய் வரத்துக்கால்களில் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும். வெட்டி விட்டால் திரும்பத் துளிர்க்கும். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற ஏழைகள் வயிற்றில் அடிக்காமல், அந்த வேலையும் வருமானமும் அந்தந்த ஊருக்கே சேர வேண்டும்.

4. காற்றாலை, சோலார் வேலைக்கு ரோடு போடும் எவரும் ஓடைக்குப் பாலமோ குழாயோ வைக்காமல் அனுமதி தரக் கூடாது.

5. செய்த வேலையின் அளவும் பில்லும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்பட வேண்டும்.

நூறு நாள் வேலையில் வெட்டிய குட்டைகள் ஊர் ஊருக்கு இருக்கின்றன. இடம் பார்த்து வெட்டியது தண்ணீர் பிடிக்கிறது. கணக்குக்காக வெட்டியது காய்ந்து கிடக்கிறது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். சட்டத்துக்குப் பேர் எதுவானாலும் குட்டைக்கு இடம் காட்டும் உரிமை நமக்கு வேண்டும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்தில் இந்த ஆறு நாளும் கிராம சபை நாள். வெள்ளைக்காரனுக்கு வரி கட்ட மறுத்த கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16ல் தூக்கிலிட்ட ஊர் நம்ம கயத்தாறு. இங்கே பிறந்தவன் கிராம சபையில் எழுந்து நின்று பேசக் கூச்சப்படலாமா? அடுத்து வரும் கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். இந்த ஐந்தையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் மறுத்ததையே மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். தீர்மான நகலை வாங்கிச் சங்கத்தில் கொடுங்கள். எல்லா ஊர் நகலையும் ஒன்றாகக் கட்டி, கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுபோவோம்.

கையில் மனுவோடு, மடியில் ஒரு பிடி கரிசலோடு வாருங்கள்!

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்,
கயத்தாறு