கெட்டி எண்ணெய் முன் ஃபோர்க்கைக் காப்பாற்றாது

காப்பார், மேரு, கிள்ளான் வட்டாரத்து மோட்டார் பட்டறைகளில் ஒரு தீர்ப்பு அடிக்கடி காதில் விழும்: "கப்சாய் ஃபோர்க்குன்னா இப்படித்தான் அடிக்கும்ணே. எண்ணெயக் கெட்டியா ஊத்துங்க. அதுக்கும் கேக்கலன்னா பெரிய ஃபோர்க் போட்டுடுங்க." முதல் யோசனை வலியைக் கூட்டும். இரண்டாவது யோசனை, வேலைக்குப் போய்வர மட்டும் வண்டி வைத்திருப்பவரின் சம்பளத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். கப்சாய் என்னும் சிறு மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் தடதடவென்று அடிப்பதற்கான காரணங்களில் பெரும்பாலானவை சில பத்து வெள்ளியில் தீரக்கூடியவை.

முதலில் சாலையைப் பார்ப்போம். கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகக் கோலசிலாங்கூருக்குப் போகும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலை, கடலோரத்து மென்களிமண் நிலத்தில் ஓடுகிறது. பாலங்கள் ஆழமாக அறைந்த தூண்களின்மேல் அசையாமல் நிற்கும். அவற்றை ஒட்டிய சாலையோ லோரிகளின் பாரத்தில் மெல்ல மெல்ல அமிழும். அதனால் பாலம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரு படி விழுந்துவிடுகிறது. நம் மணிக்கட்டு வாங்கும் அடி பெரும்பாலும் இந்தக் கூர்மையான விளிம்புகளிலிருந்து வருவது. எண்ணெய் விஷயம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

கப்சாய் ஃபோர்க்கின் உள்ளே ஒரு தண்டு இருக்கும், அதில் சில சிறு துளைகள். ஃபோர்க் அமுங்கும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியே பிதுங்கித்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட துளையில் வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாக இறங்குகிறது, அப்போது தடுப்பு போதாது. பாலத்து விளிம்பில் அது படாரென்று அமுங்குகிறது, அப்போது எண்ணெய் போக வழியில்லாமல் ஃபோர்க் ஒரு கணம் இரும்புத் துண்டாகிவிடுகிறது. கெட்டி எண்ணெய் இந்த இரண்டாவது குறையைத் தீர்ப்பதே இல்லை. போதாததற்கு, அமுங்கிய ஃபோர்க் மேலே திரும்பவும் நேரமாகும். அடுத்தடுத்து மூன்று பள்ளம் வந்தால், ஒவ்வொன்றிலும் ஃபோர்க் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தே நிற்கும். மூன்றாவதில் அமுங்க இடமே இருக்காது.

பிறகு ஏன் இந்த யோசனை இத்தனை காலம் நிற்கிறது? சோதிக்கும் விதம் அப்படி. பட்டறை வாசலில் ஹேண்டிலைப் பிடித்து நாலு அமுக்கு அமுக்குகிறோம். கையால் அமுக்கும் வேகம் குறைவு. கெட்டி எண்ணெய் அங்கே 'திண்ணென்று' இருக்கும், புது வண்டி போலத் தோன்றும். அந்தச் சோதனையை நம்பாதீர்கள். பாலத்தில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

எஞ்சின் எண்ணெயை ஊற்றுவது இதனினும் மோசம். புட்டியில் '10' என்று இருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள். 10W-40 எஞ்சின் எண்ணெய் 40 பாகை வெப்பத்தில், 10 எண் ஃபோர்க் எண்ணெயைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கெட்டி. ஃபோர்க் எண்ணெய்களிலேயே ஒரு கம்பெனியின் 10, இன்னொரு கம்பெனியின் 10 ஆகாது. கம்பெனியின் தகவல் தாளில் 40 பாகையில் எத்தனை சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) என்று போட்டிருக்கும். அதைத்தான் ஒப்பிட வேண்டும். கை கடித்தால் கார் ஆட்டோ கியர் எண்ணெய்கூட இதைவிட நல்லது. 1970, 80களில் ஹோண்டாவே தன் பல வண்டிகளின் ஃபோர்க்குக்கு அதைத்தான் கையேட்டில் எழுதியது.

"அளவுக்குக் கொஞ்சம் கூடுதலா ஊத்துனா அடி வாங்காது" என்பது அடுத்த நம்பிக்கை. எண்ணெய்க்கு மேலே இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். எண்ணெய் ஏற ஏறக் காற்றிடம் சுருங்கும். கடைசி ஓட்டத்தில் அது கல்லாய் இறுகும், ஆயில் சீலையும் பிதுக்கித் தள்ளும். மில்லி கணக்கில் ஊற்றி முடித்துவிடக் கூடாது. பழைய எண்ணெய் முழுதாக வடிந்திருக்காது என்பதால் இரண்டு காலிலும் அளவு வேறுபடும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, தண்டைச் சில தடவை ஏற்றி இறக்கிக் காற்றுக் குமிழியைப் போக்கி, குழாயின் மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை ஓர் அளவுகோலை விட்டுப் பாருங்கள். கையேடு சொல்லும் மில்லிமீட்டர் இரண்டு பக்கமும் ஒன்றாக வர வேண்டும்.

ஸ்பிரிங்கை வெட்டினால் மென்மையாகும் என்போரும் உண்டு. தலைகீழ். சுருள் குறையக் குறைய ஸ்பிரிங் கடினமாகும். வண்டி தாழ்ந்து நிற்பதால் மென்மை போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

மென்மையான ஸ்பிரிங்கும் அடிக்கும் என்றால் பலர் நம்புவதில்லை. கனமான ஆள், பின்னால் மனைவி, முன்கூடையில் சந்தைச் சாமான். ஃபோர்க் ஏற்கெனவே பாதி தாழ்ந்து நிற்கும். பிறகு வரும் சின்னப் பள்ளத்திலும் அடிமட்டம் தட்டும். உள்குழாயில் ஒரு பிளாஸ்டிக் கட்டுக்கயிற்றைக் கட்டி, சீலோடு ஒட்ட இறக்கிவிட்டு, வழக்கமாக உட்காருவது போல மெதுவாக உட்கார்ந்து இறங்குங்கள். 100 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள ஃபோர்க்கில் 25 முதல் 35 வரை தாழ்ந்தால் சரி. அதிகம் தாழ்ந்தால் ஸ்பிரிங் மேல் ஒரு வாஷரோ சிறு குழாய்த் துண்டோ வைக்கலாம். அது வண்டியின் நிலையை உயர்த்தும். ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது. அளவுக்கு மேல் வைத்தால் ஃபோர்க் விரியும்போது 'டங்' என்று மேலே முட்டும்.

இத்தனையும் செய்வதற்கு முன் செலவே இல்லாத ஒன்று இருக்கிறது. முன்சக்கரத்து அச்சு நட்டைத் தளர்த்துங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கைப் பல தடவை அமுக்குங்கள். இரண்டு காலும் தம் இடத்தைத் தாமே தேடிக்கொள்ளும். பிறகு நட்டை இறுக்குங்கள். டயர் மாற்றிய அவசரத்தில் அச்சைக் கோணலாக இறுக்கிவிட்டால் இரண்டு குழாயும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உராயும். அந்த உராய்வை எந்த எண்ணெயாலும் தீர்க்க முடியாது. டயர் காற்றை, குளிர்ந்திருக்கும்போது, கையேட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிரேக் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது 'டக்' என்றால் ஹேண்டில் கழுத்தில் இருக்கும் கோன் செட்டைப் பாருங்கள். பழி ஃபோர்க்குடையதாக இல்லாமலும் இருக்கலாம்.

பெரிய ஃபோர்க் பற்றி. இன்னொரு வண்டியின் தலைகீழ் ஃபோர்க்கைப் பொருத்தினால் ஸ்பிரிங்கும் தடுப்பும் அந்த வண்டியின் எடைக்கானவை. நூறு கிலோ சுற்றி இருக்கும் கப்சாய்க்கு அவை இன்னும் கடினமாக இருக்கும் வாய்ப்பே அதிகம். வண்டியின் உயரமும் திருப்பும் குணமும் மாறும். ஒப்புதல் இல்லாத மாற்றத்திற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) சம்மன் வேறு. மலேசியச் சாலைகளில் இறப்போரில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். முன்சக்கரம் எப்படித் திரும்பும் என்பதில் விளையாடுவது எனக்குச் சம்மதமில்லை.

துளைத் தண்டின் குறை நிஜம், அதை மறுக்கவில்லை. அதற்கு ஃபோர்க்கையே தூக்கியெறிய வேண்டாம். தண்டின் தலையில் உட்காரும் ஒரு வால்வு விற்கிறார்கள். கூர்மையான அடியில் அது திறந்து எண்ணெய்க்கு வழிவிடும். உங்கள் வண்டியின் அளவுக்குக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

குழாயையே மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. கடற்காற்றில் குரோம் பூச்சு பொத்தலாகித் துரு தலைகாட்டினால், புதுச் சீல் போட்டாலும் அந்தப் புள்ளிகள் அதைக் கிழித்துவிடும். நகத்தை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். தட்டினால் அதே வண்டிக்கான புதுக் குழாய் வாங்குங்கள். மோதிய வண்டியாக இருந்தால் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பலகைமேல் உருட்டுங்கள். அடியில் இடைவெளி தெரிந்தால் அது வளைந்திருக்கிறது. எண்ணெய்க்குச் செலவு செய்யும் முன் குழாயை மாற்றுங்கள்.