சென்னை வெள்ளத்துக்கு காலநிலை மாற்றம்தான் காரணமா? ‘உறுதியாகத் தெரியட்டும்’ என்று காத்திருக்கலாமா?

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை தாண்டியது. விமான நிலையம் மூழ்கியது. மொட்டை மாடிகளில் தவித்தவர்களை ஹெலிகாப்டர்களும் மீனவர்களின் படகுகளும் மீட்டன. ‘எல்லாம் கிளைமேட் சேஞ்ச்’ என்று டீக்கடை முதல் டிவி விவாதம் வரை பேசினார்கள்.

ஆனால், ஆய்வு முடிவு வேறு மாதிரி வந்தது. ஐஐடி டெல்லி பேராசிரியர் உள்பட சர்வதேச விஞ்ஞானிகள் குழு அந்த மழையை ஆராய்ந்தது. புவி வெப்பமயமாதலின் தாக்கம் அதில் தென்படவில்லை என்றது.

அப்போ, நடவடிக்கை எதுவும் தேவையில்லையா?

‘தென்படவில்லை’ என்றால் என்ன அர்த்தம்?

‘தாக்கம் இல்லவே இல்லை’ என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இதுவரையிலான மழைத் தரவுகளில் அது தெரியவில்லை என்றுதான் சொன்னது. அதற்கு ஒரு காரணத்தையும் ஊகித்தது. புகையிலிருந்து வரும் ஏரோசால் துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்து, பசுங்குடில் வாயுக்களின் வெப்பத்தை ஈடுகட்டியிருக்கலாம். இது சரியென்றால், காற்று சுத்தமாக ஆக, மறைந்திருக்கும் வெப்பம் வெளியே வரும்.

இன்னொரு பக்கம், சிஏஜி அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதர்களால் ஏற்பட்ட பேரிடர் என்றது. ஆக்கிரமிப்புகளும் செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறந்த விதமும் அதில் விமர்சிக்கப்பட்டன. மழைக்கு யார் காரணம் என்பதில் சந்தேகம் இருந்தாலும், சேதம் ஏன் இவ்வளவு என்பதில் பெரிய சந்தேகம் இல்லை.

எது உறுதி, எது உறுதியில்லை?

பூமியை மனிதர்கள் சூடாக்கியிருக்கிறார்கள் என்பதில் ஐயமே இல்லை என்று ஐநாவின் ஐபிசிசி 2021-ல் அறிவித்தது. 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட்டால், வெப்பநிலை சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று சுமார் 7% அதிக ஈரப்பதத்தைத் தாங்கும். இது அடிப்படை இயற்பியல்.

உறுதியில்லாதது, இனி எவ்வளவு கூடும் என்பது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் வெப்பம் 1.5 முதல் 4.5 டிகிரி வரை உயரலாம் என்று 1979-ல் கணித்தார்கள். 2021-ல் ஐபிசிசி சொன்னது 2.5 முதல் 4 டிகிரி. நாற்பது ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் இடைவெளி குறைந்ததே தவிர மறையவில்லை. ஒரு தனி ஊருக்கு எந்த வருடம் எவ்வளவு மழை என்று கேட்டால், விடை இன்னும் மங்கலாகும்.

தெரியாமல் இருப்பது யாருக்குச் சாதகம்?

‘சரியா தெரியாது’ என்றால் ‘அவ்வளவு மோசமா இருக்காது’ என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால், கணிப்பு இரண்டு பக்கமும் தவறலாம்.

2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் வந்தபோது, வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். எச்சரித்த அளவுக்கு மழை வரவில்லை. நஷ்டம்? பாலத்திலிருந்து வீடுவரை நடந்ததுதான்.

2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் நடந்தது இதற்கு நேர்மாறு. அதிகனமழை எச்சரிக்கை என்றால் 20 செ.மீ.க்கு மேல் என்று பொருள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்ததோ சுமார் 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் வெள்ளத்தில் சிக்கினார்கள்.

கடல் மட்டத்துக்கும் இதே கணக்குதான். வாயு வெளியேற்றம் மிக அதிகமாக இருந்தால், 2100-க்குள் 0.63 முதல் 1.01 மீட்டர் வரை உயரலாம் என்கிறது ஐபிசிசி. ஆனால், பனிப்படலங்கள் எப்படி உடையும் என்று தெளிவாகத் தெரியாததால், 2 மீட்டரை நெருங்கும் வாய்ப்பையும் அது ஒதுக்கவில்லை. தெரியாத பகுதி பெரிதாக இருப்பது அலட்சியத்துக்கான காரணம் அல்ல, கவலைக்கான காரணம்.

முழு ஆதாரம் இல்லாமல் உலகம் எப்போதாவது செயல்பட்டிருக்கிறதா?

செயல்பட்டிருக்கிறது. ஃப்ரிட்ஜ், ஏசியில் பயன்பட்ட சிஎஃப்சி வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கலாம் என்று 1974-ல் எச்சரித்தார்கள். அண்டார்டிகா மேலே ஓட்டை இருப்பது 1985-ல் வெளியானது. அதற்கு சிஎஃப்சிதான் காரணம் என்பது முழுமையாக நிரூபணமாகும் முன்பே, 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலில் பாதியாகக் குறைப்பதுதான் இலக்கு. ஆதாரம் வலுப்பட்டதும், 1990-ல் முழுவதும் கைவிட முடிவானது. இன்று ஓசோன் படலம் மெல்ல மீண்டுவருகிறது.

இந்தியச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வேலூர் வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் ‘முன்னெச்சரிக்கைக் கொள்கை’யை நாட்டின் சட்டமாக ஏற்றது. மீளமுடியாத பாதிப்பு வரும் அபாயம் இருந்தால், அறிவியல் உறுதி இல்லை என்பதைச் சொல்லி நடவடிக்கையைத் தள்ளிப்போட முடியாது. ஆபத்தில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது.

தப்பான இடத்தில் செலவு பண்ணிட்டா?

நியாயமான கேள்விதான். தேவையில்லாத இடத்தில் கொட்டும் ஒவ்வொரு ரூபாயும் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ போகாத ரூபாய். அதனால், எதைச் செய்தாலும் சரி என்று சொல்லிவிட முடியாது. இரண்டு கேள்விகள் உதவும்.

ஒன்று, கணிப்பு தவறினாலும் இது பயன்படுமா? 2015-ல் மூழ்கிய அதே சென்னைக்கு 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. ஏரியைத் தூர்வாருவதும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைக் காப்பதும் வெள்ளம், வறட்சி இரண்டுக்கும் உதவும். எந்தக் கணிப்பு பலித்தாலும் அந்தப் பணம் வீண் இல்லை.

இரண்டு, தவறினால் திருத்திக்கொள்ள முடியுமா? சூரிய மின்சாரத்தில் அதிகமாக முதலீடு செய்துவிட்டால், அடுத்த வருடம் வேகத்தைக் குறைக்கலாம். ஆனால், காற்றில் கலந்த கார்பன் டை ஆக்சைடின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் அங்கேயே இருக்கும். சதுப்பு நிலத்தில் எழுந்த அடுக்குமாடியையும் திரும்ப எடுக்க முடியாது.

இது உங்களை எப்படிப் பாதிக்கும்?

இன்று வீட்டுக் கடன் வாங்கினால் இஎம்ஐ முடிய 20 வருடம் ஆகலாம். அந்த 20 வருடத்தில் மழை எப்படி மாறும் என்று எந்த விஞ்ஞானியும் துல்லியமாகச் சொல்ல மாட்டார். ஆனால், 2015-லும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதை எதிர்வீட்டுக்காரரே சொல்வார். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அதைக் கேட்டுவிடுங்கள். அந்த மனை பழைய வரைபடத்தில் ஏரியாகவோ நீர்வழியாகவோ இருந்ததா என்றும் பாருங்கள். அரசிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதேதான்: விடை முழுசாகத் தெரியாத நிலையில், தாழ்வான இடங்களில் கட்டுமான அனுமதி மட்டும் எந்த உறுதியின் பேரில் தரப்படுகிறது?